பேய்ப் படத்தின் டைட்டிலைக் கெடுக்கும் தவறுகள்

விளக்கு அணைந்துவிட்டது. கதை தொடங்கவில்லை, ஒரு பாத்திரமும் வரவில்லை, பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. அதற்குள்ளேயே உடம்பு எதற்கோ தயாராகிவிடுகிறது. நல்ல திகில் படங்களில் இது நடக்கும். கதை தெரியும் முன்பே நம் மூச்சின் வேகத்தை இயக்குநர் கையில் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தொடக்கத்தில் பெயர்கள் வரும் இந்த டைட்டில். அதனால்தான், புதிதாகக் குறும்படமோ படமோ எடுப்பவர்கள் இதை வீணாக்கும்போது மனசு கேட்பதில்லை. தவறுகள் பல விதமாகத் தெரிந்தாலும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: டைட்டிலிலேயே பயமுறுத்திவிட வேண்டும் என்ற அவசரம். பயமுறுத்துவதற்குப் பின்னால் முழுப் படமும் இருக்கிறது. டைட்டில் செய்ய வேண்டியது பார்ப்பவரைக் காத்திருக்க வைப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கீழே வரும் தவறுகள் எல்லாம் தாமாக வந்து சேரும்.

கையில் இருப்பதையெல்லாம் கொட்டுவது

உடைந்த பொம்மை, தானாக ஆடும் தொட்டில், முகம் கீறப்பட்ட பழைய புகைப்படம், காகம், துருப்பிடித்த சாவி, விரிசல் விட்ட கண்ணாடி. இரண்டு நிமிட டைட்டிலில் இவை அத்தனையும் அடுத்தடுத்து வந்து போவதை எத்தனை முறை பார்த்திருப்போம்? ஒவ்வொன்றும் தனியாக வந்தால் ஒருவேளை வேலை செய்யும். பன்னிரண்டு சேர்ந்து வந்தால் பார்ப்பவர் அவற்றைப் பட்டியலாக வாசிக்க ஆரம்பித்துவிடுவார். பட்டியலைப் பார்த்து யாருக்கும் பயம் வராது.

1978இல் வந்த ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரை. இடது பக்கத்தில் கண்ணும் மூக்கும் வாயும் வெட்டிய ஒரு பூசணிக்காய், உள்ளே விளக்கு நடுங்குகிறது. வலது பக்கத்தில் பெயர்கள். கேமரா அந்தப் பூசணியை நோக்கி மிக மெதுவாக நகர்கிறது. கடைசியில் அதன் ஒரு பகுதியே திரையை நிறைக்க, உள்ளே இருந்த வெளிச்சம் அணைகிறது. இவ்வளவுதான் மொத்தமும். ஒரு பொருள், ஒரு நகர்வு. அந்த நகர்வு அவ்வளவு மெதுவாக இருப்பதால், பெயரை வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதுதான் பூசணி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருப்பது தெரியும். எப்போது நிற்கும் என்று தெரியாமல் ஒன்று நெருங்கிக்கொண்டே இருக்கிறது. படம் முழுவதும் நடக்கப்போவதும் அதுதான்.

கொட்டிவிடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. முதல் அரை மணி நேரம் பேயின் முகத்தைக் காட்டாமல் கதையை இழுத்துக்கொண்டு போகும் படம், டைட்டிலில் அந்த முகத்தை ஒரு நொடி மின்னலாகக் காட்டிவிட்டால், அந்த அரை மணி நேர உழைப்பும் போச்சு. 'ஒரு நொடிதானே, யார் கவனிக்கப் போகிறார்கள்' என்று எடிட்டிங் அறையில் தோன்றும். இருட்டில் உட்கார்ந்து வேறு எதுவும் செய்யாமல் திரையையே பார்ப்பவர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

அப்படியானால் பல ஷாட்களை வெட்டி ஒட்டிய டைட்டிலே கூடாதா? கூடும். 1995இல் டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' படத்துக்குக் கைல் கூப்பர் செய்தது முழுக்க அப்படிப்பட்டதுதான். அது கொலைகாரனைத் தேடும் துப்பறியும் படம் என்றாலும், அதற்குப் பின் வந்த திகில் பட டைட்டில்களில் அதன் சாயல் நிறைய. விரல் நுனித் தோலைச் சீவும் பிளேடு, நோட்டுப் புத்தகத்தைத் தைக்கும் ஊசி, புகைப்படங்களை வெட்டும் கத்தரி, கீறி எழுதியது போல நடுங்கும் எழுத்து. ஆனால் இவை எல்லாமே ஒரே மனிதனின் கைவேலை. அந்த மனிதனின் முகத்தைப் படம் வெகுநேரம் கழித்துத்தான் காட்டும். அதுவரை அவன் கைகள் நம்மோடு இருந்திருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் நடுங்கும் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள், கை யாருடையது என்பதை விட்டுவிட்டார்கள். உங்கள் டைட்டிலில் பல பொருள்கள் இருந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: கதைக்குள் இவற்றை எடுத்து வைத்தது யார்? பதில் இல்லையென்றால் பாதியை வெட்டிவிடலாம்.

கோரத்தைக் காட்டவே கூடாது என்றும் சொல்ல முடியாது. 1974இல் வந்த 'தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்' தொடக்கத்திலேயே அழுகிய பிணத்தைக் காட்டுகிறது. ஆனால் எப்படி? முழு இருட்டு, தோண்டும் சத்தம், கேமரா ஃபிளாஷ் வெடிக்கும் அந்த ஒரு கணம் மட்டும் ஒரு விரல், கொஞ்சம் பல். மறுபடி இருட்டு. பார்த்தது என்ன என்று மூளை சேர்த்துப் பார்ப்பதற்குள் அடுத்த ஃபிளாஷ் வந்துவிடுகிறது.

ரத்தம் சொட்டும் எழுத்து

எழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பேய்ப் படம் என்றதும் ரத்தம் வழிகிற, நகத்தால் கீறிய, எலும்பில் செய்த எழுத்துருவைத் தேடிப் போகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். 'இது பயங்கரமான படம்' என்று எழுத்து அறிவித்துவிட்டால், பார்ப்பவர் பாதுகாப்பாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ரோமன் போலன்ஸ்கியின் 'ரோஸ்மேரிஸ் பேபி' 1968இல் வந்தது. நியூயார்க் கட்டடங்களின் கூரைகள் மேல் கேமரா நகர்கிறது. அதன் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில், காதல் படத்துக்குப் போடுவது போன்ற கூட்டெழுத்து. கிஸிஸ்டாஃப் கொமேடா இசையமைத்த ஒரு தாலாட்டு, சொல்லே இல்லாமல் 'லா லா' என்று. பாடுவது கதாநாயகி மியா ஃபாரோ. இதில் எந்த ஒன்றும் தனியாகப் பயம் தராது. ஆனால் தாலாட்டின் ராகத்தில் ஏதோ சரியில்லை, குரலில் ஒரு வெறுமை. படத்தின் விஷயமும் அதேதான்: வெளியே எல்லாம் அழகாக இருக்கிறது, சுற்றி இருப்பவர்கள் அன்பாகத்தான் பழகுகிறார்கள். ரத்தம் சொட்டும் எழுத்தைப் போட்டிருந்தால் அந்த அக்கம்பக்கத்தாரை முதல் காட்சியிலேயே சந்தேகப்பட்டிருப்போம்.

தமிழில் டைட்டில் போடுபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில எழுத்துக்கென்று செய்த சொட்டும் வடிவத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் எழுத்தே மாறிவிடும். 'ப'வின் அடியில் ஒரு துளி வழிந்தால் அது 'பு' மாதிரித் தெரியும். 'ட'வின் தலைக்கு மேல் ஒரு தெறிப்பு விழுந்தால் 'ட்' ஆகிவிடும். நம் எழுத்தில் கீழே இறங்கும் கோட்டுக்கும் மேலே நிற்கும் புள்ளிக்கும் அர்த்தம் இருக்கிறது, அவை அலங்காரத்துக்கான காலி இடம் இல்லை. மெல்லிய கோடாக எழுதினால் சுழிகளும் காணாமல் போகும், ண-வா ன-வா என்று கண் தடுமாறும். தமிழ் எழுத்தைக் கெடுக்காமல் கலக்கம் கொடுக்க வேறு வழிகள் இருக்கின்றன: எழுத்துகளுக்கு இடையில் சற்றே அதிக இடைவெளி, வழக்கத்தைவிடச் சிறிய அளவு, திரையின் எதிர்பாராத மூலையில் வைப்பது, அல்லது எழுத்து வரும் வேகம்.

வரும் வேகம் என்றதும் 1979இல் வந்த 'ஏலியன்'தான் நினைவுக்கு வருகிறது. விண்வெளியில் ஒரு கோளைத் தாண்டிக் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கும். திரையின் மேல் பகுதியில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு தோன்றும். கொஞ்ச நேரம் கழித்து, தள்ளி இன்னொன்று. அவை எழுத்தின் துண்டுகள் என்றே முதலில் புரியாது. ஏதோ அந்நியக் குறி போலவே நிற்கும். துண்டு துண்டாகச் சேர்ந்து ஐந்து ஆங்கில எழுத்தும் முழுதாகும்போதுதான் படத்தின் பெயர் தெரியும். எழுத்து மிகச் சாதாரணமான, அலங்காரமே இல்லாத வகை. ஆனால் இருட்டில் ஏதோ ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது, அது என்னவென்று தெரிய நேரமாகிறது.

மென்பொருளோடு வரும் தயார் டெம்ப்ளேட்டுகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். புகை நடுவே எழுத்து வெடித்து வருவதை இன்று பத்து நிமிடத்தில் செய்யலாம். பத்தாயிரம் பேர் அதே பத்து நிமிடத்தில் அதையே செய்திருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. 1982இல் வந்த 'தி திங்' படத்தில் பெயர் திரையைக் கிழித்துக்கொண்டு எரிந்து வரும். புகை நிரப்பிய கண்ணாடி மீன் தொட்டி, பிளாஸ்டிக் குப்பைப் பை, பின்னால் பலமான விளக்கு. பைக்குத் தீ வைத்தார்கள். பிளாஸ்டிக் உருகிக் கிழிய, எழுத்தின் வழியாக ஒளி பீறிட்டு வந்தது. உருகும் பிளாஸ்டிக் எந்தப் பக்கம் கிழியும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த ஒழுங்கின்மை திரையில் உயிரோடு தெரிகிறது. தீயோடு விளையாடச் சொல்லவில்லை. ஆனால் மை நீரில் கரைவதையோ, காகிதம் ஈரத்தில் சுருங்குவதையோ கேமராவில் பிடித்துப் பாருங்கள். உங்கள் படத்துக்கு மட்டும் சொந்தமான ஏதோ ஒன்று கிடைக்கும்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு இடி

ஒலியில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. 'ஹாலோவீன்' படத்தை இசையும் ஒலியும் சேர்க்கும் முன்பு ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியதாகவும், அவருக்குத் துளியும் பயம் வரவில்லை என்றும் கார்பென்டரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் இசையால் படத்தைக் காப்பாற்ற முடிவு செய்தார். இன்று உலகமே அறிந்த அந்தப் பியானோ மெட்டு அவரே போட்டது.

அந்த மெட்டு ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஓடுகிறது. சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்த தாளம் அது. நம் இசையில் கண்டம் என்போமே, அதே ஐந்து. ஐந்து என்றாலே பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கண்டத்தில் எத்தனையோ துள்ளலான பாட்டுகள் இருக்கின்றன. இங்கே நடப்பது வேறு. ஒரே மெட்டு, வேகமாக, மூச்சு விட இடமே இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு நான்காக எண்ணப் பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தடுமாறுகிறது. படமோ மிக மெதுவாக நகர்கிறது, இசையோ ஓடுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் இருக்கும் அந்த வேக வித்தியாசத்தில்தான் பதற்றம் உண்டாகிறது.

இதை மனசில் வைத்துக்கொண்டு வழக்கமான டைட்டில் ஒலியைக் கேளுங்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் 'டூம்' என்று ஒரு அடி, நடுவே கிரீச், கடைசியில் படத்தின் பெயருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய இடி. மூன்றாவது அடியிலேயே காதுக்குக் கணக்கு புரிந்துவிடும். பெயர் வந்தால் இடி வரும். எது எப்போது வரும் என்று தெரிந்துபோன பிறகு காத்திருக்க ஒன்றும் இல்லை. அப்புறம், படத்துக்குள் உண்மையிலேயே ஒரு பெரிய சத்தம் தேவைப்படும் இடத்தில், காது ஏற்கெனவே மரத்துப்போயிருக்கும்.

மௌனம் போட்டால் சரியாகிவிடும் என்று எதிர்ப்பக்கம் தாவுபவர்களும் உண்டு. வெறும் மௌனம் ஒலி வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். மௌனம் உறைக்க வேண்டுமானால் அதற்கு முன் ஏதாவது இருந்திருக்க வேண்டும். நண்பர் ஒருவரின் குறும்படத்துக்கு எடிட்டிங்கில் கூட உட்கார்ந்திருந்தபோது இதை நேரில் கற்றுக்கொண்டேன். பெயர்களுக்கு இருந்த இடிகளையெல்லாம் எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜ் ஓடும் ரீங்காரத்தை மட்டும் அடியில் விட்டோம். கேட்பவர் கவனிக்காத அளவுக்குத் தாழ்வாக. படத்தின் பெயர் வந்ததும் அந்த ரீங்காரம் சட்டென்று நின்றது. அவ்வளவுதான் செய்தோம். பார்த்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எது நின்றது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒலி எங்கே தொடங்குகிறது என்பதையும் யோசியுங்கள். நிறுவன லோகோக்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் படம் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஜாக் கிளேட்டனின் 'தி இன்னசென்ட்ஸ்' 1961இல் வந்தது. கறுப்புத் திரையில் ஒரு சிறுமியின் பாட்டு கேட்கிறது. ஸ்டூடியோவின் லோகோவே அதற்குப் பிறகுதான் வருகிறது. இன்னும் எதுவும் தொடங்கவில்லை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே நிறுத்தும் தருணம் அது.

இருட்டாக இருந்தால்தான் திகில் என்ற நம்பிக்கை

ஸ்டான்லி கூப்ரிக்கின் 'தி ஷைனிங்', 1980. பட்டப்பகல். மலை, ஏரி, சுத்தமான காற்று. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ஷாட்கள். கீழே வளைந்து போகும் சாலையில் ஒரு மஞ்சள் கார், எறும்பு அளவு. சுற்றுலா விளம்பரத்துக்குப் போடும் படம் போலவே இருக்கிறது. ஆனால் அந்தக் காரைப் பின்தொடர்வது யார்? ஒரு கட்டத்தில் கேமரா காரை எட்டிப் பிடித்து, தாண்டி, சாலையை விட்டு விலகிப் பள்ளத்தின் மேல் போய்விடுகிறது. மனிதர் யாரும் அப்படிப் போக முடியாது. கூடவே வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் சின்தசைசரில் வாசிக்கும் மெட்டு. இறந்தவர்களுக்கான வழிபாட்டில் பாடப்பட்ட, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லத்தீன் பாடலின் மெட்டு அது, இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றியது. அந்தப் பாடலைக் கேட்டிராதவருக்கும் அதன் கனம் புரிகிறது.

பெயர்களை கூப்ரிக் எப்படிப் போட்டார் என்பதையும் கவனியுங்கள். வெளிர் நீலத்தில், கீழிருந்து மேலாக ஓடவிட்டார். அப்படி ஓடுவதை நாம் படத்தின் முடிவில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். தொடக்கத்திலேயே முடிவின் அசைவு. கவனித்துச் சொல்பவர்கள் குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் எல்லாரையும் தொடுகிறது என்று நான் நம்புகிறேன்.

இருட்டான டைட்டில் தவறில்லை. யோசிக்காமல் இருட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு. உங்கள் கதையின் பயம் எங்கே இருக்கிறது? அது தனிமை என்றால், பெரிய வெளிச்சமான வெளி இருட்டு அறையைவிட நன்றாகச் சொல்லும்.

வாசிக்க முடியாத பெயர்

இதில் நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. மனநிலை முக்கியம் என்ற பெயரில் பெயர்களை யாராலும் வாசிக்க முடியாமல் ஆக்கிவிடாதீர்கள். ஒரு பெயரைச் சத்தமாக, நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் அது திரையில் நிற்கட்டும். வெளிச்சமான ஷாட்டின் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். கைப்பேசியிலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். வாசிக்க முடியாத எழுத்தை மனிதக் கண் துரத்திக்கொண்டு போகும், அந்த நேரத்தில் நீங்கள் பின்னால் கட்டிவைத்த காட்சியை அது பார்க்காது.

டைட்டிலை முடிக்கத் தெரியாமல் விட்டுவிடுவது

கடைசிப் பெயர் வந்தாயிற்று, திரை கறுப்பாகிறது, அப்புறம் சாவகாசமாக முதல் காட்சி. இப்படி விட்டால் அதுவரை சேர்த்துவைத்த பதற்றம் அந்தக் கறுப்பில் வடிந்துவிடும். டைட்டிலைப் படப்பிடிப்பெல்லாம் முடிந்த பிறகு கடைசி வாரத்தில் யோசிப்பதால் வரும் கோளாறு இது. முதல் காட்சியை எழுதும்போதே அதற்குள் எப்படி நுழையப் போகிறோம் என்றும் எழுதிவிட வேண்டும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தது. டைட்டில் சால் பாஸ் செய்தது. சாம்பல் நிறப் பட்டைகள் குறுக்கிலும் நெடுக்கிலும் பாய்ந்து வருகின்றன. எழுத்துகள் துண்டாகி, இடம் மாறி, ஒரு கணம் சரியாகச் சேர்ந்து, மறுபடி பிளக்கின்றன. பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து அமைத்த இசை விரட்டிக்கொண்டே வருகிறது. அந்தச் செங்குத்துக் கோடுகள் முடியும் இடத்தில் ஒரு நகரத்தின் கட்டடங்கள் நிற்கின்றன. திரையில் ஊர் பெயர், கிழமை, தேதி, பிற்பகல் 2 மணி 43 நிமிடம் என்று நேரம். உடைந்த எழுத்துகளின் வெறிக்குப் பிறகு இப்படி ஒரு துல்லியம். அந்த நிமிடத்தில் அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடிவதில்லை. கேமரா ஒரு ஜன்னலைத் தேடிப் போகிறது, நாமும் கூடவே போகிறோம்.

முதலில் ஒரு காட்சி, பிறகு டைட்டில் என்று வைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். யாரோ அலறுகிறார்கள், உடனே இடியோடு படத்தின் பெயர். இது இப்போது பழகிப்போன வழி. அலறலுக்கும் பெயருக்கும் நடுவே இரண்டு, மூன்று நொடி இடம் விட்டுப் பாருங்கள். அலறியவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி பெயரோடு சேர்ந்து மனசில் தங்கும்.

கடைசி நேரத்தில் கார்டை மாற்றுவது

இது மனநிலையைப் பற்றியது அல்ல. ஆனாலும் திகில் பட வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்த டைட்டில் தவறு இதுதான் என்பேன். ஜார்ஜ் ரொமேரோ குறைந்த செலவில் எடுத்து 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. வெளியிடும் நேரத்தில் விநியோக நிறுவனம் பெயரை மாற்றி, புது டைட்டில் கார்டு போட்டது. பழைய கார்டில் பெயரோடு பதிப்புரிமை வாசகமும் இருந்தது. புதுக் கார்டில் அது விடுபட்டுவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வாசகம் இல்லாமல் வெளியான படைப்புக்கு உரிமைப் பாதுகாப்பு கிடையாது. படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிட்டார்கள், பிரதி போட்டு விற்றார்கள். எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை.

சட்டம் பின்னால் மாறிவிட்டது, இன்று அந்த ஒரு வரிக்காக உரிமை பறிபோகாது. ஆனால் கடைசி இரவில் கார்டு மாறும்போது ஏதாவது ஒன்று காணாமல் போவது இன்றும் நடக்கிறது. ஒரு உதவி இயக்குநரின் பெயர், ஒரு இசைக் கலைஞரின் பெயர், நன்றி சொல்ல வேண்டிய ஒருவர். கார்டு மாறும் ஒவ்வொரு முறையும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள், எடிட்டிங்கில் உட்காராத இன்னொருவரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.